சிக்ரி விஞ்ஞானிகளுக்கு: எங்கள் கீரைப் பாத்தியையும் கொஞ்சம் பாருங்கள்

மதிப்புக்குரிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவன (சிக்ரி) அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடிக்காரன். உங்களிடம் ஒரு வேலை கேட்டு எழுதுகிறேன்.

முலாம் பூசும் பட்டறையின் கழுவுநீரில் குரோமியமும் நிக்கலும் போகும், பழைய பேட்டரி உடைக்கும் இடத்து மண்ணில் ஈயம் தங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செட்டிநாட்டில் மழைத் தண்ணீர் எப்படி ஓடும் என்பதும் தெரியும். வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு, கண்மாயிலிருந்து கீரைப் பாத்திக்கு, அங்கிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் வேகும் கீரை மண்டிக்கு.

தொழிற்பேட்டை ஓரத்தில் விளைவதில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் அப்படிச் சொன்னால் நாளைக்கே கீரைக்காரம்மாவின் கூடை விலைபோகாது. சோதிக்காமல் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லவும் முடியாதே!

விவசாயிகளிடம் மண்வள அட்டை இருக்கிறது. 2015-இல் வந்த நல்ல திட்டம்தான். அதில் 12 விவரங்கள்: தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். நச்சு உலோகங்களான ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை, குரோமியமும் இல்லை. துத்தநாகமும் தாமிரமும் இருக்கின்றனவே என்றால், அவை பயிருக்குப் போதுமா என்று பார்ப்பதற்காக. பட்டறைப் பக்கத்து நிலத்துக்கும் இதே அட்டைதான். எல்லாச் சத்தும் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக மடித்து வைத்துவிடுவார்கள்.

கீரையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வெண்டை, கத்தரி போன்ற காய்களைவிட இலையிலும் கிழங்கிலும் இந்த உலோகங்கள் கூடுதலாகச் சேரும். ஈயத்தில் பெரும்பங்கு இலைமேல் படியும் தூசியாக வருவதால், நாலு தண்ணீரில் அலசினால் ஓரளவு போகும். காட்மியம் அப்படியல்ல, வேர் வழியே உள்ளேயே ஏறிவிடும். மண்ணில் அமிலம் கூடினால் இன்னும் எளிதாக ஏறும். அலசினாலும் வேகவைத்தாலும் போகாது. உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து இருபது ஆண்டுகள்கூடத் தங்கும். கீரைக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம். கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவு. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ ‘கீரை கொடுங்கள், ரத்தம் ஊறும்’ என்று பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஊட்டுகிறோம்.

இந்த அளவுகளை மின்வேதியியல் முறையிலேயே கண்டறியலாம் என்பதால்தான் உங்களிடம் வருகிறேன். மின்முனையில் உலோகத்தைப் படியவைத்து, திரும்பக் கரைத்து, அப்போது வரும் மின்னோட்டத்தை வைத்து நூறு கோடியில் ஒரு பங்கு வரை அளக்கலாமாம். அந்தத் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கும்போது நாங்கள் வேறு எங்கே போவது?

கேட்பது இதுதான். பட்டறைகளை ஒட்டிய தோட்டங்களிலும், ஒப்பிட்டுப் பார்க்கத் தள்ளியிருக்கும் சில ஊர்களிலும், பாய்ச்சும் தண்ணீர், வேர்ப்பகுதி மண், பறித்த கீரை மூன்றையும் சோதியுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. முடிவைத் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்படி கொடுங்கள். அளவு கூடியிருந்தால் தோட்டக்காரர் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம், கழிவை விட்டவர் அவர் இல்லை. அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதா, கீரையை விட்டுக் காய்க்கு மாறுவதா, பருத்தி போடுவதா என்று வேளாண்மைத் துறையோடு பேசி அவருக்கு வழி சொல்லுங்கள். கழிவைக் கவனிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆனால் வெறும் சந்தேகத்தோடு அங்கே போய் நின்றால் மனு வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். நீங்கள் அளந்து சொன்ன அளவு கையில் இருந்தால் பேச்சே வேறு.

1948-இல் உங்கள் நிறுவனத்துக்கு அடிக்கல் நட்டபோது, எங்கள் மண்ணின் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த உரிமையில்தான் கேட்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும். தோட்டக்காரர்களிடம் பேசி வைப்பதும், கூட வந்து வழிகாட்டுவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
காரைக்குடிவாசி ஒருவர்