லைசென்ஸ் தேதி முடிஞ்சுதான்னு இன்சூரன்ஸ் கட்டும்போதே கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எனக்கு வயசு 71, இப்பவும் கார் நானேதான் ஓட்டுறேன். என் வயசுக்காரங்களுக்காகவும் அவங்க பிள்ளைங்களுக்காகவும் இதை எழுதுறேன், முடிஞ்சா சுருக்காம போடுங்க.

வண்டி இன்சூரன்ஸ் முடியப்போகுதுன்னா போன் மேல போன், மெசேஜ் மேல மெசேஜ். ஆனா பணம் கட்டி பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் உங்க லைசென்ஸ் எது வரைக்கும் இருக்குன்னு என்கிட்ட ஒருத்தர்கூட கேட்டதில்ல. கிளெய்ம்னு போய் நின்னா மட்டும் அதைத்தான் முதல்ல கேக்குறாங்க. என்கூட வேலை பாத்த நண்பர் ஒருத்தர், பிரீமியத்தை ஒரு வருஷம்கூட தவறவிடாத மனுஷன், கார் தூண்ல மோதி முன்பக்கம் நசுங்கிப்போச்சு, சேதத்தைப் பாக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் லைசென்ஸ் காப்பி கேட்டப்பதான் எடுத்துப் பாக்குறாரு, அது காலாவதியாகி நாலு மாசம் ஆகியிருக்கு. ரிப்பேர் செலவு மொத்தமும் அவர் தலையிலதான் விழுந்துச்சு. ஓட்டுறவர்கிட்ட நடப்புல இருக்கிற லைசென்ஸ் இருக்கணும்னு பாலிசியிலயே போட்டிருக்கு, அதனால சட்டப்படி ஒண்ணும் பேச முடியல. ஆனா அத்தனை வருஷம் பணம் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கிற ஆதங்கம் எனக்கு இன்னும் போகல.

மறக்குறதுக்கும் காரணம் இருக்குங்க. எங்க காலத்துல லைசென்ஸ் எடுத்தா 20 வருஷம் இல்லன்னா 50 வயசு, எது முன்னாடி வருதோ அது வரைக்கும் கவலையே இல்ல. இப்ப 55 வயசைத் தாண்டிட்டா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். முன்னாடி தேதி முடிஞ்சாலும் 30 நாள் லைசென்ஸ் செல்லும், 2019-ல சட்டத்தை திருத்துனப்ப அதையும் எடுத்துட்டாங்க. இது நிறைய பேருக்கு இன்னும் தெரியாது, ஒரு மாசம் டயம் இருக்குன்னு நெனச்சு வண்டி ஓட்டிக்கிட்டுதான் இருக்காங்க. ஒரு வருஷத்துக்குள்ள போனா டெஸ்ட் இல்லாம புதுப்பிச்சுக்கலாம்ங்கிறது உண்மைதான், ஆனா புது லைசென்ஸ் புதுப்பிச்ச தேதியிலிருந்துதான் கணக்கு, நடுவுல ஓட்டுன நாளெல்லாம் லைசென்ஸ் இல்லாம ஓட்டுனதுதான். ஒரு வருஷம் தாண்டிட்டா திரும்ப ஓட்டிக் காட்டணும்.

நம்ம வண்டி நசுங்குனாகூட போகுதுன்னு விட்டுடலாம், ரோட்ல போறவங்க மேல இடிச்சுட்டா? 2004-ல சுவரண் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புக்கு அப்புறம், லைசென்ஸ் நடப்புல இல்லன்னாலும் அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பணத்தைக் குடுத்துட்டு பிறகு வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு உத்தரவு போடுறாங்க. அடிபட்டவங்களுக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா பென்ஷன்ல குடும்பம் நடத்துற ஒருத்தர் அந்தத் தொகையை எங்க போய் புரட்டுவாரு? ஓனரே ஓட்டி உயிர் போயிட்டா குடும்பத்துக்கு 15 லட்சம் வரணும்னு ஒரு விபத்துக் காப்பீடு இருக்கே, அதுக்கும் அவர் பேர்ல லைசென்ஸ் நடப்புல இருக்கணும்.

இன்னொரு விஷயம், லைசென்ஸ் புதுப்பிக்கக் குடுக்குற டாக்டர் சர்டிபிகேட். ஃபார்ம் 1ஏ-ங்கிற அந்தப் படிவத்துல 25 மீட்டர் தூரத்துல இருக்கிற கார் நம்பரைப் படிக்க முடியுதா, சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியுதா, மாலைக்கண் இருக்கா, ஹாரன் சத்தம் காதுல விழுதான்னு எல்லாம் கேட்டிருக்கு. ஏஜென்ட் மூலமா ஆளைப் பாக்காமலே கையெழுத்து வாங்கிடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு போகாதீங்க. கண்புரை மெதுவாதான் வரும், நமக்கே தெரியாது. நம்ம நாட்டுல இத்தனை வயசுக்கு மேல கார் ஓட்டக்கூடாதுன்னு வரம்பு எதுவும் இல்ல, அப்ப இந்த ஒரு பேப்பராவது உண்மையா இருக்க வேணாமா?

இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அவங்களை மேற்பார்வை பாக்குற ஐஆர்டிஏஐ அமைப்பும் ஒரே ஒரு காரியம் பண்ணணும்னு கேட்டுக்கறேன். பாலிசி புதுப்பிக்கும்போது ஓட்டுறவரோட லைசென்ஸ் தேதியைக் கேட்டு, பாலிசி முதல் பக்கத்துல பெரிய எழுத்துல தமிழ்ல போடணும், முடியுறதுக்கு முன்னாடி மெசேஜும் அனுப்பணும். பிரீமியத்துக்கு அத்தனை மெசேஜ் அனுப்புறவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. அது வர்ற வரைக்கும் பிள்ளைங்க அப்பா அம்மாவோட லைசென்ஸை வாங்கி தேதியைப் பாருங்க, முடியுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், அரசாங்கத்தோட பரிவாஹன் சைட்ல வீட்டுல இருந்தே போட்டுக் குடுத்துடலாம்.

இப்படிக்கு,
ஒரு மூத்த வாசகர்