இளங்கோவைத் தடுக்காதே

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதைச் செய்ய மனம் வரவில்லை. அதை எப்படி எழுதுவது என்றே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். இங்கே இங்கிலாந்தில், இப்ஸ்விச்சில் எல்லாரும் நலம். சரோஜாவுக்குக் குளிர் வந்தால் மூட்டுவலியும் வந்துவிடுகிறது. பாண்டிக்கு ஸ்டென்ட் வைத்ததை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் இளங்கோ இயற்பியல் படித்துவிட்டுப் பறக்கும் தட்டு ஆராய்ச்சி என்று அலைகிறான், பத்திரிகையில் இருந்த நான் சொன்னால் கேட்பான், அதை விடச் சொல் என்று எழுதியிருந்தாய். நான் சொல்ல மாட்டேன். ஹாலி வால்நட்சத்திரத்தைக் காட்டுகிறேன் என்று நடுராத்திரியில் என்னை அழகர்கோவில் அடிவாரத்துக்கு இழுத்துப்போனவன் யார்? பிள்ளைக்கு அது ஒட்டாமல் இருக்குமா?

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ரெண்டில்ஷாம் காடு. உன் கடிதம் வந்த பிறகு இரண்டு மூன்று தடவை போய் வந்துவிட்டேன். 1980 டிசம்பர் 26 அதிகாலை, காட்டை ஒட்டிய உட்பிரிட்ஜ் தளத்தில் காவலுக்கு இருந்த அமெரிக்க விமானப்படை வீரர்கள் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் துணைத் தளபதி சார்லஸ் ஹால்ட்டே கையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரோடு காட்டுக்குள் போனார். ஜனவரியில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அது கோப்புக்குள் போய்விட்டது.

1983 அக்டோபர் 2 அன்று ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ அதை முதல் பக்கத்தில் போட்டது. பறக்கும் தட்டு இறங்கியது, அதுவும் அதிகாரபூர்வமாக என்று தலைப்பு. குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒரு அதிகாரி தானும் தன் ஆட்களும் பார்த்ததை எழுதியிருந்தார், அவ்வளவுதான். அரசு எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. செய்தி மேசையில் இத்தனை காலம் உட்கார்ந்தவன் நான். கையெழுத்து போட்ட அரசாங்கத் தாள் ஒன்று கிடைத்துவிட்டால் தலைப்பு எப்படி ஊதும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தலைப்பை அவிழ்க்க எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது தெரியுமா? இயன் ரிட்பாத் என்ற வானியல் எழுத்தாளர் பொறுமையாகத் தேடினார். குறிப்பில் ஹால்ட் முதல் சம்பவத்துக்கு ஒரு நாள் தள்ளித் தேதி போட்டிருந்தார். உள்ளூர் போலீஸ் பதிவைப் பார்த்த பிறகுதான் சரியான தேதி தெரிந்தது. அந்த 26-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன் தென் இங்கிலாந்து வானில் ஒரு பெரிய எரிகல் பாய்ந்திருக்கிறது. தேடிப்போன போலீஸ்காரர்கள், கண்ணில் பட்ட வெளிச்சம் ஆர்ஃபோர்டு கலங்கரை விளக்கம் மட்டுமே என்று எழுதிவைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வீரர்கள் அங்கே மரங்களில் பார்த்த காயம், வெட்ட வேண்டிய மரம் என்று வனத்துறை ஆட்கள் கோடாரியால் போட்ட அடையாளம்.

ஹால்ட்டின் ஒலிப்பதிவைச் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டேன். “இதோ, மறுபடியும்” என்கிற மாதிரி ஒரு குரல் எழுகிறது. முள்ளைப் பார்த்தேன். ஐந்து விநாடி கழித்து மறுபடி அதே. அந்தக் கலங்கரை விளக்கம் ஐந்து விநாடிக்கு ஒரு முறை மின்னியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மூர்த்தி! ஹால்ட் இதை ஒத்துக்கொள்ளவில்லை, தான் பார்த்தது கலங்கரை விளக்கம் இல்லை என்கிறார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் 1981-லேயே யாராவது அக்கறையாக எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருந்தால் இன்று சண்டை எதற்கு? தலைப்பு வந்த பிறகு சாட்சிகளின் ஞாபகம் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. முதல் வார்த்தை போனது போனதுதான்.

ஸ்காட்லாந்தில் கால்வைன் பக்கம் 1990-ல் எடுத்த, வானில் தெரிந்த வைர வடிவப் பொருளின் படமும் அப்படித்தான். ‘டெய்லி ரெக்கார்டு’க்கு வந்தது, அங்கிருந்து அமைச்சகத்துக்குப் போனது, அப்போது அச்சில் வரவே இல்லை. ஓய்வுபெற்ற ஒரு விமானப்படைப் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி பிரதி ஒன்றை வைத்திருந்ததால் 2022-ல் ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார்க் கைக்குக் கிடைத்தது. நெகட்டிவ் எங்கே? தெரியாது.

உன் பயமும் வெறும் பயம் இல்லை. 2023 செப்டம்பர் 12 அன்று மெக்சிகோ நாடாளுமன்றத்தில் வேற்றுக்கிரக உடல் என்று பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். இரண்டே நாளில், வானில் புரியாமல் தெரிகிறவை பற்றிய நாசாவின் ஆய்வுக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. நல்ல கருவிகள் வேண்டும், தரமான தரவு வேண்டும், பார்த்ததைச் சொல்ல ஆட்கள் கூச்சப்படும் நிலை போக வேண்டும் என்றது. உங்கள் ஊர்ப் பேப்பரில் எது வந்தது? பெட்டிதானே? அந்தக் குழுவில் இருந்த விஞ்ஞானிகளுக்கு இணையத்தில் வசை வேறு. இந்த ஆராய்ச்சிக்கு நியமித்த இயக்குநரின் பெயரையே நாசா முதலில் சொல்லத் தயங்கியது. பையனை இந்த வம்பில் தள்ளுவதா என்று நீ கேட்பாய். படித்தவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டால் மிஞ்சுவது பெட்டி திறக்கிறவர்கள்தான். எனக்கு அதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இளங்கோவை எனக்குப் போன் செய்யச் சொல். அந்தப் போலீஸ் பதிவைப் பற்றி அவனோடு பேச வேண்டும். வானத்தில் ஏதாவது பார்த்தேன் என்று யார் வந்து சொன்னாலும் நேரம், திசை, எத்தனை விநாடி என்று அங்கேயே எழுதி வாங்கட்டும், நிருபரிடம் பேசுவதற்கு முன்பே. அப்புறம், முனைவர் பட்டத்துக்கு வளிமண்டல ஒளியியல் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு இதையும் பக்கத்தில் பார்க்க முடியுமா என்று கேட்கப்போகிறேன். உனக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

அன்புடன்,
சேது