மாத்திரைக் கவரில் எதற்கு ஸ்கூட்டர் படம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதத்திலிருந்து சில மாத்திரைகளை ஸ்கூட்டர் முத்திரை குத்திய கவரில் போட்டுத் தருகிறோம். "வண்டி ஷோரூம் விளம்பரமா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. இந்த மாத்திரை தூக்கத்தையோ தலைசுற்றலையோ தரலாம், வண்டி எடுப்பதற்குமுன் யோசியுங்கள் என்பதற்கான அடையாளம் அது. பிரான்ஸில் மருந்துப் பெட்டியிலேயே முக்கோணத்துக்குள் கார் படம் போட்டு, ஆபத்துக்கு ஏற்றபடி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அச்சடிக்கிறார்கள். நம் ஊரில் அட்டையைக் கத்தரித்து நாலு, ஆறு என்று கொடுப்பதால் எச்சரிக்கை அச்சான பெட்டியும் தாளும் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. உங்கள் கைக்கு வருவது 1-0-1 என்று பேனாவால் எழுதிய கவர்தான்.

வாயால் சொல்லாமல் இல்லை. "வீடு பக்கத்துத் தெருதான்" என்பார்கள். "ஒரு டீ குடிச்சா சரியாயிடும்" என்பார்கள். டீ கண்ணைத் திறந்து வைக்கும். பிரேக் பிடிக்கும் கையின் வேகத்தை முழுசாகத் திருப்பித் தராது. "ராத்திரிதானே போடுறேன், காலையில என்ன?" என்பதுதான் அடிக்கடி கேட்பது. பதற்றத்துக்கும் வலிப்புக்கும் எழுதித் தரும் குளோனசெபாம் மாத்திரை உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். பல சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் சீக்கிரம் இறங்காது.

இவர்களைவிட எங்களைப் பயமுறுத்தியவர் ஒரு வேன் டிரைவர். "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். அவருக்குப் பிழைப்பே வண்டி. மாத்திரையை நிறுத்திவிட்டார்! மாதக்கணக்கில் போட்ட குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வலிப்பேகூட வரலாம். தப்பு எங்கள்மேல்தான், பாதி சொல்லி விட்டுவிட்டோம்.

அதனால் இப்போது முதலில் "என்ன வேலை பார்க்கிறீங்க, எதில் வந்தீங்க?" என்று கேட்கிறோம். துருவிக் கேட்பதாக நினைக்க வேண்டாம். வண்டி ஓட்டுபவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தையோ அளவையோ அவர் மாற்றலாம். அலர்ஜிக்கு என்றால் தூக்கம் குறைவாகத் தரும் ஃபெக்ஸோஃபெனடின் போல ஒன்றை எழுதலாம். சீட்டில் உள்ளதை நாங்களாக மாற்றித் தர முடியாது, வற்புறுத்தாதீர்கள். புது மாத்திரை என்றால் அது உங்களை என்ன செய்கிறது என்று தெரியும்வரை சாவியைத் தொடாதீர்கள். சாயங்காலம் ஒரு கிளாஸ் போடும் வழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும்.

அப்புறம், மை பரவி, சில கவர்களில் ஸ்கூட்டர் ஆட்டுக்குட்டி மாதிரி விழுந்திருக்கிறது. அதுவும் ஸ்கூட்டர்தான்.

இப்படிக்கு,
உங்கள் தெரு மெடிக்கல் கடை