வரிக்கு வரி என்டர் தட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தட்டச்சு செய்து அனுப்பும் எழுத்தாளர்களுக்கும், வந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் வடிவமைப்புக்குத் தள்ளிவிடும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம். நேரிலும் சொல்லியாயிற்று, ஃபோனிலும் சொல்லியாயிற்று. போன வாரம் வந்த கோப்பைப் பார்த்த பிறகு பொறுக்கவில்லை. வரிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமென்றால் தயவுசெய்து என்டரைத் தட்டாதீர்கள்.

கோப்பு 180 பக்கம். ஏ4 தாளில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. புத்தக அளவுக்குப் பக்கத்தைச் சுருக்கியதும் ஒரு வரி முழுசாக, அடுத்த வரியில் இரண்டே சொல், மறுபடி முழு வரி, மறுபடி இரண்டு சொல் என்று பல் போன சீப்பு மாதிரி ஆகிவிட்டது. என்டர் தட்டிய இடமெல்லாம் விழும் பத்திக்குறிகளை (¶) திரையில் தெரிய வைத்தால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு என்டர், இடைவெளிக்காக இன்னொன்று. நிஜமான பத்தி எங்கே முடிகிறதென்று கணினிக்கு எப்படித் தெரியும், அதற்கு எல்லாமே பத்திதான். மொத்தமாக மாற்றிவிடலாம் என்றால் நடுநடுவே கவிதைகள், அவையும் உரைநடையாகிவிடும். மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அப்படியும் ஒரு கவிதையில் இரண்டு வரி ஒட்டிக்கொண்டது, பழி என் தலையில் விழுந்தது.

வேர்டில் பத்தியைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலோடு 2 அழுத்தினால் இரட்டை இடைவெளி, 5 என்றால் ஒன்றரை, 1 என்றால் ஒற்றை. கவிதை வரியை முறிக்க ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு என்டர். புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா, கண்ட்ரோலும் என்டரும், ஒரே தட்டு. அதற்கும் இருபது என்டர் தட்டி வைத்தால், மேலே ஒரு வரி கூடினாலே தலைப்பு கீழே இறங்கிவிடுகிறது.

தட்டச்சுப் பொறியில் பழகிய பெரியவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, அதில் வரி முடிந்தால் நெம்புகோலைத் தள்ளித்தான் ஆக வேண்டும். அந்தப் பொறியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களும் இதையே செய்கிறார்களே! இது என் ஒருவனுடைய கஷ்டமும் இல்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானில் வரிவரியாகக் கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு ஒவ்வொரு வெற்று வரியும் ஒரு முட்டுக்கட்டை. எழுத்துரு அளவு வரைக்கும் விதி எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் குழு இதற்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். ‘இடைவெளிக்கு என்டர் தட்டாதீர்கள்’ என்பதை அடுத்த தொகுப்புக்கான அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். எழுத்தாளர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு முறை பத்திக்குறிகளைத் தெரிய வைத்துப் பாருங்கள். புரியாவிட்டால் எனக்கு ஃபோன் செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பக்க வடிவமைப்பாளன்