டொக்டர் ஸ்லீப் பாத்தன் மச்சான்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், வீட்ட எல்லாரும் சுகமோ? இஞ்ச கச்சான் காத்து தொடங்கிட்டுது, பகல்ல வெளிக்கிடேலாத வெக்கை, பின்னேரம் டச் பே பக்கம் போய் இருந்தாலும் முகத்தில மண்தான் அடிக்குது. அப்பான்ர ஆட்டத்திவசம் போன மாசம் முடிஞ்சுது. நீ போன் எடுக்கேக்க அம்மா பக்கத்தில நிண்டதால ஒண்டும் கதைக்கேல்ல, அதுதான் எழுதுறன்.

திவசம் முடிஞ்ச கிழமை நித்திரை வராம ஒரு படம் பாத்தன், டொக்டர் ஸ்லீப், 2019ல வந்தது. 98ல உங்கட வீட்ட டெக் வாடகைக்கு எடுத்துப் பாத்தமே தி ஷைனிங், பனிக்குள்ள ஒரு பெரிய ஹொட்டல், அப்பன் கோடாலியால கதவைக் கொத்துவான், அதின்ர ரெண்டாம் பாகம். ஸ்டீபன் கிங் முதல் நாவல 1977ல எழுதினவர், அந்தச் சின்னப் பெடியன் டானி வளந்தாப்பிறகு என்ன ஆனான் எண்டு 2013ல இன்னொரு நாவல் எழுதினவர், அதைத்தான் மைக் ஃப்ளனகன் படமாக்கி இருக்கிறார்.

பேய்ப்படம் எண்டுதான் போட்டனான், ஆனா டானி இதில ஒரு குடிகாரன் மச்சான். அப்பன்ர குடி அப்பிடியே மகனுக்கு வந்திருக்கு, தனக்குத் தெரியிற பேய்களை மறக்கத்தான் குடிக்கிறான். பிறகு ஒரு சின்ன ஊருக்குப் போய், குடிய விட்டவை கூடுற கூட்டத்தில சேந்து, சாகப்போற ஆக்களைப் பராமரிக்கிற இடத்தில வேலை செய்யிறான். அங்க ஒரு பூனை இருக்கு, ஆற்ற அறைக்குள்ள போய்க் கட்டில்ல படுக்குதோ அவைக்கு அண்டிரவு முடிவு. டானி பக்கத்தில போய் இருந்து பயப்பிடாதேங்கோ, நித்திரை கொள்ளப்போறியள், அவ்வளவுதான் எண்டு சொல்லுவான், அதாலதான் அவனுக்கு டொக்டர் ஸ்லீப் எண்ட பேர். அந்த இடத்தில நான் படத்தை நிப்பாட்டிப்போட்டு முத்தத்தில வந்து நிண்டன். அப்பா கடைசி நாலு நாள் ஆசுபத்திரியில கிடக்கேக்க நான்தான் கூட நிண்டனான், ஒரு சொல்லுக் கூட ஒழுங்காச் சொல்லேல்ல, கையைப் பிடிக்கவுமில்ல, தண்ணி மட்டும் பருக்கினன்.

பிள்ளையளின்ர சக்தியை உறிஞ்சிச் சீவிக்கிற ஒரு கூட்டமும் வருது, தொப்பி போட்ட ரோஸ் எண்ட பொம்பிளைதான் தலைவி, ரெபெக்கா ஃபெர்குசன் நல்லாச் செய்திருக்கிறா. பேஸ்போல் விளையாடுற பெடியனை அவை பிடிக்கிற காட்சி பாக்கேலாது, உன்ர மகன் முழிப்பா இருக்கேக்க போட்டிடாத.

ஆனா நான் எழுத வந்தது கடைசிப் பகுதியைப் பற்றி, நீ பாக்கேல்லையெண்டா இந்தப் பந்தியை விட்டிடு. கிங்குக்கு 1980ல குப்ரிக் எடுத்த அந்த தி ஷைனிங் படம் துண்டாப் பிடிக்கேல்ல. நாவல்ல அப்பன் கடைசி நேரத்தில ஒருக்காப் பழைய அப்பனா மாறி மகனை ஓடித் தப்பச் சொல்லுவான், பிறகு பொயிலர் வெடிச்சு ஹொட்டலும் அவனும் எரிஞ்சு போவினம், குப்ரிக்கின்ர படத்தில அந்த அன்பே இல்ல, அவன் பனியில விறைச்சுச் சாவான், ஹொட்டல் அப்பிடியே நிக்கும். ஃப்ளனகன் என்ன செய்தார் எண்டா அந்த ஹொட்டலுக்கே டானியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், அப்பனுக்கு நாவல்ல எழுதின அந்த நெருப்பை மகனுக்குக் குடுத்திட்டார், ரெண்டாம் நாவல்ல டானி சாகேல்ல, படத்தில ஹொட்டலோட எரியிறான். சண்டை பிடிச்ச ரெண்டு பெரிய ஆக்களுக்கு நடுவில நிண்டு ரெண்டு பேரையும் விட்டுக்குடுக்காமச் செய்த வேலை, பழைய படத்தில இருந்த மனக்குறையும் தனக்குத் தீந்திட்டுது எண்டு கிங்கே சொல்லியிருக்கிறார்.

அதுக்கு முதல் அந்த பார் காட்சி. டானி தனிய வந்து இருக்கிறான், எதிர்ல கிளாஸில ஊத்திக்கொண்டு நிக்கிறது அப்பன்ர முகம், ஆனா தான் அப்பன் எண்டு ஒத்துக்கொள்ளுறானில்ல, இது மருந்தடா, குடி எண்டு கிளாஸைத் தள்ளுறான். டானி அம்மா செத்த கதையைச் சொல்லுறான், அப்பன் கேக்கவே விரும்புறானில்ல. குடிய விட்டு எட்டு வருசம் ஆன பெடியன், கிளாஸ் கைக்குக் கிட்ட இருக்கு, தொடுறானில்ல. முதல் நாவல எழுதேக்க கிங்கும் குடிச்சுக்கொண்டு இருந்தவர், ரெண்டாவதை எழுதினது விட்டு இருவது வருசத்துக்கும் மேல போனாப்பிறகு, அதாலதான் டானியின்ர கதை இப்பிடி வந்திருக்கு எண்டு நினைக்கிறன்.

98ல நீ அந்தக் கிழவிப் பேய்க்குப் பயந்து கண்ணை மூடினனீ, நான் மூடேல்ல, எனக்குப் பேய் பயமில்ல, அந்தக் கோடாலிக்காரன்தான் பயம். அப்பா தவறணையில இருந்து வாற நேரம் படலை திறக்கிற சத்தத்திலயே இண்டைக்கு எப்பிடி எண்டு எனக்குத் தெரியும், அதுதான் மச்சான் நான் அடிக்கடி உங்கட வீட்ட வந்து படுத்தது, படிக்க எண்டு சொன்னது பொய். இவ்வளவு காலமும் உனக்குச் சொல்லேல்ல. அப்பா கடைசி ஆறு வருசமும் குடியைத் தொடேல்ல, அதுக்கு ஒரு நாளும் நான் நல்லது எண்டு சொல்லேல்ல, அதுதான் இப்ப நித்திரையில்லாமக் கிடக்க வைக்குது.

டொக்டர் ஸ்லீப்பின்ர மூண்டு மணித்தியால கொப்பி ஒண்டும் இருக்கு, தியேட்டர்ல வந்ததை விடக் கிட்டத்தட்ட அரை மணித்தியாலம் கூட, நீ வரேக்க சேந்து பாப்பம். அம்மா உனக்கெண்டு கருவாடு எடுத்து வைச்சிருக்கிறா, ஆரும் அங்கால வந்தா குடுத்து விடுறன்.

ஒண்டு கேக்கோணும், உங்கட அம்மாக்குத் தெரியுமோ நான் ஏன் வந்தனான் எண்டு? அவ ஒருக்காலும் கேக்கேல்ல, சாப்பாட்டைப் போட்டிட்டு உன்ர பாய்க்குப் பக்கத்தில இன்னொரு பாய விரிச்சுவிட்டிட்டுப் போவா. கேட்டு எழுது.

உன்ர கூட்டாளி