அப்பாவைப் பட்டினி போடாதீர்கள்

கோபே, ஜப்பான்,
மார்கழி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்காவின் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இரண்டு மாதமாக ஒரு வரி எழுதாதவனுக்கு அதைப் பிரிக்கவே கூச்சமாக இருந்தது. அப்பாவின் எம்ஆர்ஐ நகலைப் பார்த்தேன். கீழ்முதுகில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வு தேய்ந்து பிதுங்கியிருக்கிறது. தினமும் இங்கே ஆய்வகத்தில் எலியின் முதுகில் பார்ப்பதும் இதைத்தான்.

பட்டினி கிடந்தால் செல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டு, அத்தான் அப்பாவின் இரவுச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னாராமே? பரிசு உண்மைதான். 2016இல், இந்த நாட்டுக்காரர் யோஷினோரி ஓசுமிக்கு. ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. ரொட்டி மாவை உப்ப வைக்குமே, அதை.

ஜவ்வின் கதையே வேறு. பெரியவர்களுக்கு அதன் நடுவில் ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு. ஏற்கெனவே அரைப்பட்டினி! பழுதானதைப் பிரித்துப் போட்டு மறுபடி பயன்படுத்தித்தான் அந்தச் செல்கள் பிழைக்கின்றன. அந்தச் சுத்தத்தைத் தூண்டிவிட்டால் நல்லது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், அளவு மீறினால் செல்லே சாகும் என்றும் எழுதினார்கள். இப்போதைய கேள்வி, எப்போது, எவ்வளவு, எந்தக் குப்பையை அகற்றுவது என்பதுதான். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதை அகற்றுவது பற்றிக் கட்டுரைகள் குவிகின்றன, சீனாவிலிருந்துதான் அதிகம். இந்தச் சுத்தத்தைத் தடுத்து வைக்கும் எம்டார் என்ற புரதத்தை ராபமைசின் என்ற மருந்தால் அடக்கினால் சுத்தம் வேகமெடுக்கிறது. ஆனால் அதெல்லாம் செல்லிலும் எலியிலும்தான், அப்பாவுக்குக் கொடுக்க மாத்திரை எதுவும் இன்னும் வரவில்லை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயங்கித்தான் விழுவார்.

குப்பை என்றதும் கீழ்வீட்டுப் பாட்டி ஞாபகம் வருகிறது. இங்கே குப்பைக்கே பஞ்சாங்கம் உண்டு. எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள், காலை 8 மணிக்குள் வைத்துவிட வேண்டும். பாட்டி என் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு பாட்டில் மூடியைக் கண்டுபிடித்து, மாடியேறி வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். குப்பை எடுக்காத நாட்களில் கதவைத் தட்ட ஆளில்லை. படிக்க வசதிதான்.

ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்று காதை அறுக்கிறது. ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது, அதனால் போடுவதில்லை. உளுந்து கிடைக்கிறது. ஆனால் சோறும் முட்டையும்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது.

நேற்று விடிகாலையில் தெருவில் யாரோ ஷட்டரைத் தூக்கிய சத்தம். அப்பா கடை திறக்கிறார், இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று புரண்டு படுத்தேன். எந்த ஊரில் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சரி, மூட்டை இறக்க முருகனை வரச் சொல், கேட்ட கூலியைக் கொடு. அப்பா மூட்டையில் கையே வைக்கக் கூடாது. சின்னவள் நிச்சயத்தை மாசிக்குத் தள்ளினால் நல்லது. இந்த மாதப் பணம் வரப் பத்து நாள் தாமதமாகும், பேங்கில் ஏதோ நடைமுறை. நகைக்கடன் ரசீது அலமாரியில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. தை பிறப்பதற்குள் வட்டி கட்ட வேண்டும், அதுவரைக்கும் அத்தானிடம் கேட்டு வாங்கிக் கட்டு. அதனால் பட்டினி விஷயத்தை அவரிடம் கொஞ்சம் பக்குவமாகவே சொல்.

அன்புடன்,
குமார்