நகலெடுத்த பாடத்தை யார் சரிபார்ப்பது?

பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மென்பொருளான எல்எம்எஸ்ஸின் பொறுப்பில் இருக்கும் குழுவினருக்கும், அந்தக் குழுவை அமைத்த கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம். பருவத் தொடக்கத்தில் உங்கள் மேல் விழும் சுமை பாடம் நடத்தும் எங்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரியின் எல்லாப் பாடங்களையும் சில நாட்களில் திறந்தாக வேண்டும். போன பருவத்துப் பாடத்தை நகலெடுத்து, பெயரில் ஆண்டை மாற்றி, எங்களிடம் தந்துவிடுகிறீர்கள். நாங்களும் முதல் வகுப்பு முடிந்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்க்கிறோம். அதற்குள் மாணவர்கள் பார்த்து முடித்திருப்பார்கள். நடுவில் அதைச் சரிபார்ப்பது யார் வேலை என்று எந்தக் கல்லூரியிலும் தெளிவாகச் சொல்வதில்லை.

நகலெடுப்பதில் தவறில்லை. 2002இல் முதல் பதிப்பு வந்த மூடுல் என்ற எல்எம்எஸ்ஸில் இதற்கான வழிகள் நன்றாகவே இருக்கின்றன. சேமித்து வைத்த பிரதியான பேக்கப்பை மீட்கும்போது, மாணவர்களின் பதிவுகள் அடங்கிய பயனர் தரவை விட்டுவிடலாம். பழைய பாடத்தையே தொடர்வதானால், அந்தத் தரவை நீக்கும் 'ரீசெட்' செய்யலாம். அந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால், போன வருட மாணவர்கள் விவாத மன்றத்தில் எழுதியதெல்லாம், சில நேரம் விடைகளோடு, புதியவர்களுக்குத் தெரியும்.

தேதிகள் அடுத்த தலைவலி. மீட்கும்போதோ ரீசெட் செய்யும்போதோ பாடத்தின் தொடக்கத் தேதியை மாற்றினால், அசைன்மெண்ட் கெடுவும் குவிஸ் நேரமும் அதே அளவு நாட்கள் தள்ளிப்போகும். வசதிதான், ஆனால் புதிய கெடு விடுமுறையில் விழுகிறதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. விளக்கத்தில் 'மூன்றாம் தேதிக்குள் அனுப்பவும்' என்று ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்ததும் நகராது. ஒரே பக்கத்தில் இரண்டு கெடு இருந்தால் மாணவர் பிந்தியதைத்தான் எடுத்துக்கொள்வார். நான் மாணவனாக இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் பிழைகள். மதிப்பெண் ஏட்டில் இருப்பது பருவக் கடைசி வரை வெளியே வராது. மூடுலில் 'வெற்று மதிப்பெண்களை விலக்கு' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ஐந்து அசைன்மெண்ட், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண் என்று வையுங்கள். ஒரு மாணவர் இரண்டை மட்டும் எழுதித் தலா 18 வாங்கினார். மற்ற மூன்றும் வரவே இல்லை. ஆசிரியர் அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போடாமல் விட்டால், மாணவருக்குத் தெரியும் மொத்தம் 90 சதவீதம். உண்மையில் 36. பருவத்தின் நடுவில் அந்த அமைப்பு நியாயமானது. இன்னும் கெடு வராத வேலைக்குப் பூஜ்யம் காட்டினால் மாணவர் பயந்துவிடுவார். பருவம் முடிந்த பிறகும் அப்படியே இருந்தால்தான் சண்டை. 'நேற்று வரை 90 இருந்ததே' என்று வந்து நிற்கும் மாணவரிடம் என்ன சொல்வது? கேன்வாஸ் என்ற இன்னொரு எல்எம்எஸ்ஸிலும் மதிப்பெண் போடாத கட்டம் மொத்தத்தில் சேராது. ஆனால் அனுப்பாத வேலைக்குத் தானாகப் பூஜ்யம் விழச் செய்யும் விதி அதில் உண்டு. எது வேண்டும் என்பதைத் துறையில் கூடி முடிவு செய்து, பாடம் திறக்கும் முன்பே அமைத்து, மாணவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியருக்கு ஆசிரியர் மாறுவது நல்லதல்ல.

அப்புறம், அனுமதிகள். விடைத்தாள் திருத்த மட்டும் வருபவருக்கு முழு ஆசிரியர் அனுமதி எதற்கு? திருத்தும் உரிமை மட்டும் கொண்ட, பாடத்தை மாற்ற முடியாத ஆசிரியர் பங்கு மூடுலில் தனியாகவே இருக்கிறது. பருவம் முடிந்தும் பழைய பாடங்களில் எழுத முடிவது இன்னொரு குறை. முடிவுத் தேதி போட்டாலே பாடம் பூட்டிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடுலில் இயல்பாக அந்தத் தேதி பாடத்தைக் 'கடந்தவை' பட்டியலுக்கு நகர்த்தும், அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது இதுதான். பாடத்தை மாணவருக்கு மறைத்த நிலையில், வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே ஆசிரியர் கையில் கொடுங்கள். அவர் மாணவர் பார்வைக்கு மாறி ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்து, 'சரி, திறக்கலாம்' என்று எழுதித் தந்த பிறகு திறங்கள். கடைசி நேரத்தில் நியமிக்கப்படும் ஆசிரியரால் இது முடியாது. அவர் பாடத்துக்குத் துறையில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். முதல்வர்களிடம் தனியாக ஒன்று: இந்த ஒரு வாரத்தைப் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லோரும் பார்க்காமலேயே 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்